தீபாவளிக்குப் பதில் செவ்வாய்

ஆகஸ்ட் 10, சனி

வக்கீல் ஜெகநாதன் எழுதச் சொல்லிவிட்டார், எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதுகிற ஆள் நான் இல்லை. ஈஸ்ட் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் கல்லாப்பெட்டிக்குக் கீழே எண்ணெய்க் கறையோடு கிடந்தது.

"பாப்பாவ எப்பக் கூட்டிட்டு வந்தாங்க, எப்பத் திருப்பிக் கூட்டிட்டுப் போனாங்க, அந்தம்மா என்ன பேசுனாங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க பூபதி. நாளைக்குக் கேஸ் நடந்தா நமக்குப் பேசறதுக்குப் பிடிமானம் வேணுமில்ல?" என்றார்.

ஆகவே இன்றைய பிடிமானம்: கோர்ட் வளாகத்தில் இருக்கும் குழந்தைகள் அறைக்கு சுகந்தி கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். பஸ் கிடைக்கவில்லையாம். ஈரோட்டில் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்ன முதல் பொம்பளை என் பெண்டாட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

நிவர்ஷாவுக்குத் தேங்காய் பன் கொண்டுபோயிருந்தேன். பாதி தின்றாள். மீதியைக் காகிதத்தில் சுற்றி, "இது அம்மாவுக்கு" என்று பையில் வைத்துக்கொண்டாள். இது வக்கீலுக்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்தில் யாரும் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். நிச்சயம் இல்லை, பெண் பார்ப்பது இல்லை, ஆகவே கேக் இல்லை, ஸ்வீட் பாக்ஸும் இல்லை. டீ மட்டும் ஓடியது.

பொழுதோடு சரசு அக்கா போன் செய்தாள். அடுத்த வாரம் கோர்ட் சமரச மையத்தில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசப்போகிறார்கள் என்றேன். குழந்தை யாரிடம் எந்த நாள் இருப்பது என்று ஒரு திட்டம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"எதைய உட்டாலும் தீவாளிய உட்றாதடா. நோம்பிக்குப் பொண்ணு அப்பன் வீட்டுல இல்லீன்னா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

"உடமாட்டேன்க்கா."

"ஞாயித்துக்கெழமையும் கேளு. அவளே லீவு நாளெல்லாம் வெச்சுக்கிட்டா நீ என்ன, விருந்தாளியா?"

அக்கா பேசினால் எனக்கு ரத்தம் சூடாகும். அதற்காகவே போன் செய்வாள் போலிருக்கிறது.

செப்டம்பர் 4, புதன்

ஜெயித்தேன். பாதி ஜெயித்தேன் என்று சொல்வதுதான் சரி.

சமரசம் பேசியவர் மெர்சி மேடம் என்று ஒரு வக்கீல். ஐம்பது வயது இருக்கும், குரல் உயராத மனுஷி. வட்ட மேஜை. எனக்கு எதிரே சுகந்தி. இளைத்திருந்தாள். மின்வாரிய ஆபீசில் இருந்து நேராக வந்திருக்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

நோம்பி நோம்பியாகப் பிரித்தோம். பொங்கல் அவளுக்கு. தீபாவளி எனக்கு. கோடை லீவு ஆளுக்குப் பாதி. இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் காலையில் இருந்து பொழுது சாயும்வரை எனக்கு. கறிக்கடையில் பங்கு பிரிக்கிற மாதிரி இருந்தது. நடுவில் மெர்சி மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தீபாவளிக்கு பேக்கரி லீவுங்களா சார்?"

"லீவு விட்டுருவனுங்க மேடம்."

சுகந்தி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறக்கட்டும், பதில் தயாராக வைத்திருந்தேன்.  அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான், தீபாவளி என் பக்கம் எழுதப்பட்டது.

ராத்திரி தங்குவதில்தான் முட்டிக்கொண்டது.

"ராத்திரி மட்டும் வேண்டாமுங்க மேடம். இவரு வெடியால நாலு மணிக்குக் கடைக்கு எறங்கிப் போயிருவாரு. புள்ள எந்திரிச்சுப் பாத்தா வீட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"கடை கீழ, வீடு மேல. கூப்புட்டா ஓடியார தூரந்தானுங்க" என்றேன்.

"கூப்புட்டுப் பாத்திருக்கனுங்க" என்றாள் சுகந்தி. அதை என்னிடம் சொல்லவில்லை, மேஜையிடம் சொன்னாள்.

நவம்பர் வரைக்கும் ராத்திரி இல்லாமல் இப்படியே நடத்திப் பாருங்கள், சரிப்பட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றார் மெர்சி மேடம். சரிப்படாவிட்டால்? ஃபைல் திரும்ப நீதிபதியிடம் போகும். அவர் நிவர்ஷாவைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உனக்கு யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்பார்.

எட்டு வயதுக் குழந்தையிடம் அப்படி ஒரு கேள்வி. அவள் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டி, நான் திரும்ப வேண்டிய சித்தோடு பிரிவைத் தாண்டிப் போய்விட்டேன். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

என் முதல் ஞாயிறு. முகூர்த்த நாள் என்பது காலையில்தான் உறைத்தது. ஒரு மணி நேரம் கடையில் இருந்துவிட்டு பாப்பாவைப் பவானி கூடுதுறைக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். இரண்டு வளைகாப்பு ஆர்டர், ஒரு வரவேற்புக்கு மூன்றடுக்கு கேக். ஐசிங் பண்ணுகிற பையை நானேதான் பிடிக்க வேண்டும், எங்கள் அந்தோணி மாஸ்டருக்குக் க்ரீமில் ரோஜாப்பூ போட வராது.

பாப்பா ஃபிரிட்ஜ் கண்ணாடியில் படிந்த ஈரத்தில் விரலால் படம் வரைந்துகொண்டிருந்தாள். கேக், பப்ஸ், ஜூஸ் என்று கேட்டதெல்லாம் கொடுத்தேன். கேட்காததையும் கொடுத்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தாள்.

கூடுதுறை அடுத்த முறை.

செப்டம்பர் 22, ஞாயிறு

எட்டு பர்த்டே கேக். பாப்பா வந்திருந்தாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

கேக் அச்சு வாங்க ஈரோடு போனேன். கடையில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமை. திரும்பும்போது வண்டி தானாகப் பாப்பாவின் பள்ளிக்கூடத் தெருவில் திரும்பியது. வண்டி தானாகத் திரும்புமா என்று வக்கீல் கேட்பார். திரும்பியது.

எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றேன். திட்டத்தில் இல்லாத நாள், பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான். பெல் அடித்தது. நூறு பிள்ளைகள் ஒரே மாதிரிச் சட்டையில் வந்தாலும் நம் பிள்ளையின் நடை தெரிந்துவிடுகிறது. அவளும் பார்த்துவிட்டாள்.

"அப்பா! கடை லீவா?"

வேன் வரும்வரை ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்தோம். பேசினாள் பேசினாள் அப்படிப் பேசினாள். கூடப் படிக்கிற கவின்யாவுக்குப் பல் விழுந்துவிட்டதாம், அதை டிபன் பாக்ஸில் போட்டு வைத்திருந்தாளாம், மிஸ் அதைத் திறந்து பார்த்துக் கத்திவிட்டாராம். ஒரு பல்லை வைத்து இவ்வளவு நேரம் கதை சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. வயிறு வலிக்கச் சிரித்தேன். வேன் ஏறும்போது, "கவின்யாகிட்ட அந்தப் பல்ல வாங்கி வெக்கட்டுமா?" என்று கேட்டாள்.

இந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் வாயே திறப்பதில்லை?

விளக்கு வைக்கிற நேரத்தில் சுகந்தி போன். வம்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஸ்கூலுக்கு வந்தீங்களாமா?"

"அந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். வேணும்னு வரல. வக்கீல்கிட்டச் சொல்றதுன்னா சொல்லிக்க."

"வந்ததுலேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருக்கறா" என்றாள்.  போனை வைத்துவிட்டாள்.

இதுவும் வக்கீலுக்குத் தேவையில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

இந்தச் செவ்வாய் மட்டும் விதிவிலக்கு. தீபாவளிக்கு நடுவில் ஒரு நாள்தான், மூச்சுவிட நேரமில்லை. லீவு விட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் நோம்பி அன்றைக்கு விருந்துக்குப் போகிறவன் எல்லாம் கை வீசிக்கொண்டா போவான்? போகிற வழியில் நம் கடையில்தான் நிறுத்துவான். வேலையாட்கள் எல்லாரும் நாளைச் சாயங்காலம் ஊருக்குப் போகிறார்கள். அந்தோணி மாஸ்டரும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். நான் ஒருத்தன்தான்.

மதியம் வரைக்கும் திறந்துவிட்டு மூடிவிடுவேன். மதியத்துக்கு மேல் முழுக்க பாப்பாவோடுதான்.

பச்சையில் ஒரு பாவாடை சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை. வளர்ந்திருப்பாள்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

சுகந்தியே இரவல் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். பாப்பாவின் தலையில் சீயக்காய் வாசனை. கையில் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி. "நம்ம ரெண்டு பேருக்கும்பா" என்றாள்.

கடை ஷட்டர் முழுசாக மேலே ஏறியிருந்ததைச் சுகந்தி பார்த்தாள். வாசலில் நிற்கிற கூட்டத்தையும் பார்த்தாள். குத்திப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "நோம்பி நல்லா நடக்கட்டுங்க" என்றாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பச்சைப் பாவாடையைப் போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள் பாப்பா. அளவு சரியாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் யாருங்க, உங்க பொண்ணுங்களா என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மத்தாப்பு கொளுத்தலாம்ப்பா என்றாள். இதோ வந்தர்றேன் கண்ணு என்றேன். ஒருத்தன் மைசூர்பாகு கேட்டான். இன்னொருத்தன் கால் கிலோ காரம், தனித்தனிப் பொட்டலமாக. அடுத்து ஒரு கார் நிறையப் பேர் இறங்கினார்கள். இதோ வந்தர்றேன் கண்ணு. மதியம் மூட நினைத்தபோது டெம்போவில் ஒரு குடும்பம். இதோ ஆச்சு கண்ணு.

எப்போது உள்ளே போனாள் என்று கவனிக்கவில்லை. வெளியே ஊரெல்லாம் வெடிச் சத்தம். பொழுது சாய்ந்து டியூப்லைட் போட உள்ளே போனேன். மைதா மூட்டை மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் மத்தாப்புப் பெட்டி. மேலே சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. பச்சைப் பாவாடை முழுக்க மாவு.

எழுப்பினேன். "வா சாமி, இப்பக் கொளுத்தலாம். அப்பா வந்துட்டேன்."

கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம்ப்பா. கஸ்டமர் நிக்கறாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. கடையில் வேலை செய்கிற ஆள் முதலாளிக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள்.  நிஜமாகவே ஆள் நின்றான். நான் போய் அவனுக்கு ஜிலேபி எடை போட்டேன்.

சுகந்தி வந்தாள். பாப்பாவின் பாவாடையைப் பார்த்தாள். நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"தண்ணி தொடாதீங்க, பசையா ஒட்டிக்கும். காஞ்ச துணியில தட்டோணும்" என்று முந்தானையால் மடிப்பு மடிப்பாகத் தட்டினாள். ஒரு துளி மாவு இல்லாமல் போயிற்று.

அவளுக்கு மைதா தட்டத் தெரிந்திருக்கிறது. எத்தனை தீபாவளியில் பழகியது என்று நான் எழுதப்போவதில்லை.

நவம்பர் 1, வெள்ளி

ஆட்கள் வராததால் கடை விடுமுறை என்று பலகை போட்டேன். ஆட்களில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். திருப்பி அனுப்பினேன்.

மத்தாப்புப் பெட்டியை மூட்டை மேலேயே விட்டுப் போயிருக்கிறாள். எடுத்து மாடியில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ஈ ஓட்டுகிற நாள். ஆனால் இன்றைக்கு மண்டைக்குள் கூட்டம்.

ஞாயிறு கேட்டேன், கிடைத்தது. தீபாவளி கேட்டேன், கிடைத்தது. பேக்கரிக்காரனுக்கு எந்த நாள் கழுத்தை நெரிக்குமோ அந்த நாளாகப் பார்த்துப் பார்த்துச் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நாளெல்லாம் அவளுக்குப் போய்விடக் கூடாது, அதுதான் என் கணக்கு. அன்றைக்குப் பிள்ளையோடு நான் என்ன செய்வேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இதே வேலையை வேறு ஒருத்தன் செய்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

அந்தோணி மாஸ்டரைக் கூப்பிட்டேன். "புதங்கிழமை வெடியால நீங்க கடை தெறந்துக்குவீங்களா? நான் எட்டரைக்கு மேலதான் வருவேன்."

"வாரா வாரமா சார்?"

"வாரா வாரந்தான்."

"பேஷா தெறக்கலாம். நீங்க இல்லாத நேரத்துல பசங்க இன்னும் நல்லாவே வேலை செய்யுறாங்க" என்று சிரித்தார். சம்பளம் கொடுக்கிற ஆளிடம் பேசுகிற பேச்சைப் பார்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "கிறுக்காடா உனக்கு? நோம்பிய உட்டுட்டுச் செவ்வாக்கெழமைய வாங்கறவன் எவனாச்சும் இருக்கறானா?" என்றாள். வக்கீலும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்தால் கோர்ட்டில் நம் பக்கம் பலவீனமாகிவிடுமாம்.

நவம்பர் 20, புதன்

சமரச மையம். என் மாமியாரும் வந்திருந்தார். உள்ளே விடவில்லை, வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

சோதனை எப்படிப் போயிற்று என்று மெர்சி மேடம் கேட்டார். சுகந்தி தீபாவளியைப் பற்றிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் பேச வேண்டியதாயிற்று.

"மேடம், எனக்கு ஞாயித்துக்கெழமை வேண்டாமுங்க. தீவாளியும் வேண்டாமுங்க. லீவு விடறேன்னு சொன்னேன், விடல. விடவும் முடியாது. அதெல்லாம் அவங்க வெச்சுக்கட்டும். எனக்கு வாரா வாரம் செவ்வாக்கெழமை குடுங்க. ஸ்கூல் விட்டதும் நான் கூட்டிக்கறேன், ராத்திரி என்கூட இருக்கட்டும், புதன் காத்தால நானே ஸ்கூல்ல விடறேன். புதங்கிழமை கடைய மாஸ்டர் தெறப்பாரு. நான் எறங்க மாட்டேன்."

மெர்சி மேடம் எழுதாமல் சுகந்தியைப் பார்த்தார். சுகந்தி என்னைப் பார்த்தாள். அவள் அப்படி என்னை நேராகப் பார்த்து வெகுநாள் ஆகிறது.

"நெசமாலுமே நோம்பி வேண்டாமா?"

"வேண்டாம். நீ வேணா புள்ளையக் கூட்டிட்டு வந்து கடையில ஒரு கேக் வாங்கிட்டுப் போ."

"வந்தா காசு குடுத்துத்தான் வாங்குவேன்."

"குடு. யாரு வேண்டாம்னா."

மெர்சி மேடம் சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று சுகந்தி வராண்டாவுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது, எல்லாம் காதில் விழுந்தது.

"செவ்வாக்கெழமையா? என்ன பேச்சு பேசற? செவ்வா வெள்ளி பொம்பளப் புள்ளைய வீட்ட உட்டு யாராச்சும் அனுப்புவாங்களா?"

முடிந்தது என்று நினைத்தேன். அது என் மாமியாரின் சட்டம் மட்டும் இல்லை. எங்கள் வீட்டிலும் அதேதான், என் அக்காவையே செவ்வாய்க்கிழமை அனுப்ப மாட்டார்கள். அந்தச் சட்டத்தால்தான் அன்றைக்கு என் கடை காலி, அதே சட்டம் இப்போது என் வாயில் மண்ணைப் போடப் பார்க்கிறது. ஜட்ஜிடம் மேல்முறையீடு செய்யலாம், செவ்வாய்க்கிழமையிடம் யார் செய்வது?

 அப்புறம் சுகந்தியின் குரல் கேட்டது. எப்போதும்போலச் சின்னக் குரல்.

"அனுப்பறதுன்னு எங்கம்மா இருக்குது? எப்பவும் போலக் காத்தால ஸ்கூலுக்குப் போறா. ஸ்கூல் விட்டா அவ வீட்டுக்குப் போறா. அவங்கப்பன் வீடும் அவ வீடுதான?"

 நான் மேஜையில் இருந்த சுகந்தியின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டேன். அது அவளுடையது என்று பிறகுதான் தெரிந்தது. மெர்சி மேடம் எழுத ஆரம்பித்திருந்தார். எனக்கு அவர் பேனா மட்டும்தான் தெரிந்தது.

டிசம்பரில் இருந்து மூன்று மாதம் இப்படி நடக்கட்டும், நடந்தால் நீதிபதி முன்னால் கையெழுத்து. பாப்பாவை யாரும் அறைக்குக் கூப்பிட்டு எதையும் கேட்க வேண்டியதில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

பெல் அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே போய் ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஸ்டூல் போட்டார்.

வழியெல்லாம் பேச்சு. கவின்யாவுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டதாம், வளைந்து முளைத்திருக்கிறதாம். வீட்டில் தோசை சுட்டேன். ஊருக்கே கேக் செய்கிறவன் சுட்ட தோசை கல்லைவிட்டு வரவில்லை. கரண்டியால் சுரண்டியதைத் தட்டில் போட்டேன். "நல்லாருக்குப்பா" என்று பொய் சொன்னாள்.

டிவிக்குப் பக்கத்தில் இருந்த மத்தாப்புப் பெட்டியை அவள்தான் கண்டுபிடித்தாள். "இன்னும் இருக்கா!"

மொட்டை மாடிக்குப் போனோம். இரண்டு மழையில் நமத்துப்போயிருந்தது, முதல் இரண்டு கம்பியும் பிடிக்கவில்லை. மூன்றாவது பிடித்தது. அவள் கம்பியில் இருந்து என் கம்பிக்குப் பற்றவைத்தாள். கையைச் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றதில் என் மத்தாப்பு தானாக எரிந்து முடிந்தது.

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த ராக்கியப்பன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன அம்முணி, கார்த்திகை தீபங்கூட இன்னும் வரல. இன்னைக்கு என்ன நோம்பி?"

"செவ்வாக்கெழமைங்க" என்றாள் பாப்பா.

டிசம்பர் 4, புதன்

நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. உடம்புக்குப் பழக்கம். கீழே அந்தோணி மாஸ்டர் ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. அடுப்பு பற்றவைத்தாரா, ஈஸ்ட் எடுத்து வெளியில் வைத்தாரா என்று மனசு கீழே ஓடியது. எழுந்து ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம், அவள் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறாள் என்று தோன்றியது. கட்டிலில் இருந்து ஒரு காலைக்கூடக் கீழே வைத்துவிட்டேன்.

பாப்பா புரண்டு படுத்தாள். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி மெத்தையில் தடவினாள். என் முழங்கை தட்டுப்பட்டதும் நிறுத்தினாள்.

"கடைக்குப் போகலியாப்பா?"

"இல்ல சாமி."

"ம்" என்றாள். தூங்கிவிட்டாள்.

நான் காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டேன்.